சின்ன ஜோடியை ஆடலாமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவர்கள் நம்மில் பலர். கல்லூரி ஆண்டு மலரில் அதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் வியக்கவும் கூடும். ஆனால், நாம் வகுப்பில் படிக்கும் நிகழ்தகவு இயலே சூதாட்ட மேசையின் அருகில் பிறந்த பிள்ளைதான். 1654ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒருவருக்கொருவர் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பந்தயத் தொகையை ஆட்டக்காரர்களிடையே எப்படிப் பங்கிடுவது என்பதே அக்கடிதங்களின் பொருள். அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்த கணிதம் இன்று காப்பீடு முதல் மருத்துவ ஆராய்ச்சி வரை எங்கும் பயன்படுகிறது.

அந்த மேசைக்கே சற்றுத் திரும்பிச் சென்று, போக்கர் ஆட்டத்தில் எழும் ஒரு சிறிய கேள்வியை இங்கே ஆராய விரும்புகிறேன். கையில் ஒரு சின்ன ஜோடி வந்தால் ஆடுவதா, கவிழ்த்துவிடுவதா? கேள்வி சிறியது. ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தபோது, ‘எத்தனை முறைக்கு ஒருமுறை வெற்றி?’ என்று மட்டும் கேட்பது எவ்வளவு போதாத கேள்வி என்பது எனக்குப் புரிந்தது.

ஆட்டத்தின் அமைப்பு

போக்கரில் பல வகைகள் உண்டு. அவற்றுள் மிகுதியாக ஆடப்படுவது ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ என்பது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்னும் ஊரே இதன் பிறப்பிடம் என்று அம்மாநிலச் சட்டமன்றம் 2007ஆம் ஆண்டில் ஏற்பு அளித்தது.

52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு. ஒவ்வொருவருக்கும் 2 சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். அவற்றை அவர் மட்டுமே பார்க்கலாம். ஒரு சுற்றுப் பந்தயம் நடக்கும். பிறகு மேசை நடுவில் 3 பொதுச் சீட்டுகள் திறந்து வைக்கப்படும். இதற்கு ‘ஃப்ளாப்’ என்று பெயர். அடுத்து நான்காவது பொதுச் சீட்டு, அதன்பின் ஐந்தாவது. ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு சுற்றுப் பந்தயம் உண்டு. தன் 2 சீட்டு, பொதுச் சீட்டு 5, ஆக 7 சீட்டுகளில் சிறந்த 5 சீட்டுகளே ஒருவருடைய ‘கை’ ஆகும். தொடர விருப்பமில்லாதவர், ரம்மியில் ‘ஸ்கூட்’ விடுவதுபோல, எந்தச் சுற்றிலும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். அதுவரை போட்ட தொகை போனது போனதுதான்.

தொகைக்குப் பதிலாக மேசையில் வில்லைகள் வைத்து ஆடுவர். சீட்டுப் போடும் முன்பே இருவர் கட்டாயமாக ஒரு சிறு தொகையை வைக்க வேண்டும். இக்கட்டுரையில் அது 1 வில்லையும் 2 வில்லையும் என்று கொள்வோம்.

சின்ன ஜோடி என்றால் என்ன?

முதலில் வரும் 2 சீட்டுகளும் ஒரே எண்ணாக இருந்தால் அது கைஜோடி. இரண்டு 2 முதல் இரண்டு 6 வரை உள்ளவற்றைச் சின்ன ஜோடி என்று வைத்துக்கொள்வோம். 52 சீட்டுகளிலிருந்து 2 சீட்டுகளை 1,326 வகைகளில் எடுக்கலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் 6 ஜோடிகள் வீதம் ஐந்து எண்களுக்கு 30 சின்ன ஜோடிகள். ஆகவே ஏறத்தாழ 44 ஆட்டங்களுக்கு ஒருமுறை சின்ன ஜோடி கைக்கு வரும்.

வரும்போது மனம் மகிழும். ஏனெனில் மற்றவர் கையில் பெரும்பாலும் ஜோடியே இருக்காது. ஆனால் இந்த மகிழ்ச்சி ஃப்ளாப் வரைதான். கையில் இரண்டு 5 இருப்பதாகக் கொள்வோம். மீதியுள்ள 50 சீட்டுகளில் 5ஐவிடப் பெரியவை 36. திறக்கப்படும் 3 பொதுச் சீட்டுகளில் ஒன்றுகூடப் பெரியதாக இல்லாமல் இருக்கும் வகைகள் 364 மட்டுமே. மொத்த வகைகளோ 19,600. அதாவது 100க்கு 98 முறை, நம் 5ஐவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது மேசையில் வந்து அமர்ந்துவிடும். அந்தப் பெரிய சீட்டு எதிரியின் கையிலும் ஒன்று இருந்தால் நம் ஜோடி தோற்ற ஜோடி.

ஆகவே சின்ன ஜோடி பெரும்பாலும் வேறொன்றை நம்பியே ஆடப்படுகிறது. பொதுச் சீட்டுகளில் மூன்றாவது 5 ஒன்று வர வேண்டும். அவ்வாறு ஒரே எண்ணில் மூன்று சேர்வதை, ரம்மி ஆடுவோருக்குப் பழக்கமான அதே சொல்லால், ‘செட்’ என்றே போக்கரிலும் அழைக்கிறார்கள்.

செட் எத்தனை முறைக்கு ஒருமுறை?

நாம் காணாத 50 சீட்டுகளில் 5 இரண்டுதான். அவ்விரண்டும் வராதபடி 3 சீட்டுகள் விழும் வகைகள், மீதி 48 சீட்டுகளிலிருந்து எடுக்கப்படும் 17,296 சேர்மானங்கள். இதனை 19,600ஆல் வகுத்தால் 0.8824. ஆகவே செட் அல்லது அதனினும் சிறந்தது அமைவதற்கான நிகழ்தகவு 0.1176. எளிதாகச் சொன்னால் 34 முறை ஆடினால் சராசரியாக 4 முறை செட் அமையும். 30 முறை அமையாது.

ஃப்ளாப்பில் தவறினால் அடுத்த இரண்டு சீட்டுகளில் வராதா என்று கேட்கலாம். வரலாம், ஆனால் அதன் நிகழ்தகவு இரண்டும் சேர்ந்தே 100க்கு 8.4தான். அதற்காக மேலும் இரண்டு சுற்றுப் பந்தயத்தைத் தாங்குவது பெரும்பாலும் வீண்செலவு. ஆகவே ஃப்ளாப்பில் தவறினால், எதிரி பந்தயம் வைத்தவுடன் விலகிவிடுவதே வழக்கம்.

விலையும் வரவும்

இப்போது கணக்கின் மையத்துக்கு வருகிறோம். எதிரி ஒருவர் 6 வில்லைகள் வைக்கிறார். மற்றவர்கள் விலகிவிட்டார்கள். நாம் கட்டாயத் தொகை வைத்தவர் அல்லர். நாமும் 6 வைத்தால் ஃப்ளாப்பைப் பார்க்கலாம். வைக்கலாமா?

34 முறை இவ்வாறு வைத்தால், தவறும் 30 முறைகளில் இழப்பு 180 வில்லைகள். இந்த 180ஐ மீதி 4 முறைகளில் மீட்க வேண்டும். அதாவது ஒவ்வொரு செட்டும் சராசரியாக 45 வில்லைகள் ஈட்டித் தர வேண்டும். எதிரி வைத்த 6, கட்டாயத் தொகை 3, ஆக 9 ஏற்கெனவே நடுவில் உள்ளது. மீதி 36 ஃப்ளாப்புக்குப் பிறகு எதிரியிடமிருந்து வர வேண்டும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நம் சீட்டை அன்று. எதிரியின் முன்னே இருக்கும் வில்லைகளை.

எதிரியிடம் தொடக்கத்தில் 40 இருந்தால்: 6 வைத்தபின் மீதி 34. அவர் முழுவதையும் நம்மிடம் தோற்றாலும் வரவு 43தான். 45 தேவை. ஆகவே எப்படி ஆடினாலும் நட்டம்.

எதிரியிடம் 100 இருந்தால்: உச்ச வரவு 103. ஒவ்வொரு செட்டிலும் சராசரியாக அதில் 44 விழுக்காடு கிடைத்தாக வேண்டும். கடினம்.

எதிரியிடம் 200 இருந்தால்: உச்ச வரவு 203. அதில் 22 விழுக்காடு கிடைத்தால் போதும். ஆடிப் பார்க்கலாம்.

நம்மிடமும் அதே அளவு இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம்மிடம் இல்லாததை எதிரியிடமிருந்து வெல்ல ஆட்ட விதி இடம் தராது.

இவ்வாறு இப்போது நடுவில் இல்லாத, ஆனால் பின்னர் வரக்கூடிய தொகையையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை டேவிட் ஸ்க்லான்ஸ்கி தமது ‘தி தியரி ஆஃப் போக்கர்’ என்ற நூலில் விரிவாக விளக்கியுள்ளார். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதையே ஒரு வாய்பாடாக வைத்திருக்கிறார்கள்: நாம் போட வேண்டிய தொகையைப்போல் 15 முதல் 20 மடங்காவது எதிரியிடமும் நம்மிடமும் இருக்க வேண்டும். 7.5 மடங்கு வரவு போதும் என்று கணக்குச் சொல்லும்போது ஏன் 15, 20 என்று கேட்கலாம். செட் அமைந்த ஒவ்வொரு முறையும் எதிரி முழுத் தொகையையும் தந்துவிடுவதில்லை. சில முறை செட்டே தோற்கவும் செய்யும் என்பதே காரணம்.

யாரிடம் ஆடுவது?

இங்கே ஒரு வியப்பான உண்மை உண்டு. பொதுவாக, எதிரியின் கை வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும் என்றே நாம் விரும்புவோம். சின்ன ஜோடிக்காரர் அதற்கு நேர்மாறாக விரும்ப வேண்டும்! எதிரியிடம் இரண்டு ஏஸோ இரண்டு ராஜாவோ இருந்தால்தான், செட் அமைந்தபின் அவர் விலக மனமின்றித் தொகையை வைத்துக்கொண்டே போவார். மூன்று 5களில் இரண்டு நம் கையில் மறைந்திருப்பதால் மேசையைப் பார்த்து அவரால் எளிதில் ஊகிக்கவும் முடியாது. ஒன்றுமில்லாத கையோடு துணிச்சலுக்காக 6 வைத்த எதிரியோ, நாம் செட் பெற்ற அன்று உடனே கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். நமக்குக் கிடைப்பது அந்த 9தான். ஆகவே எப்போதாவது மட்டும் தொகையை ஏற்றுபவரிடமே சின்ன ஜோடிக்கு மதிப்பு அதிகம்.

அதேபோல, நமக்குப் பின்னால் இன்னும் பலர் முடிவெடுக்க இருக்கும்போது 6 வைப்பது ஆபத்து. அவர்களில் ஒருவர் தொகையை 22ஆக ஏற்றிவிட்டால், செட்டுக்கு நாம் கொடுக்கும் விலை 6 அன்று, 22. அதற்கு 7.5 மடங்கு 165. 200 வில்லை வைத்திருக்கும் எதிரியிடம் ஏறத்தாழ முழுத் தொகையையும் ஒவ்வொரு செட்டிலும் வாங்கினாலன்றிக் கட்டாது. அப்போது போட்ட 6ஐ மறந்துவிட்டுக் கவிழ்ப்பதே அறிவுடைமை. போட்டதை மீட்பதற்காக மேலும் போடுவது எந்தத் தொழிலிலும் கேடு.

வில்லைகள் மிகக் குறைந்துவிட்டால்

போட்டி ஆட்டங்களில் வேறொரு நிலை உண்டு. நம்மிடம் 20 வில்லைகளே மிஞ்சியிருக்கின்றன; நமக்குமுன் யாரும் தொகை வைக்கவில்லை. செட்டுக்காகக் காத்திருக்க இது போதாது. அப்போது அதே சின்ன ஜோடியை வேறுவிதமாகப் பயன்படுத்துவர்: 20ஐயும் ஒரேயடியாக வைத்துவிடுவது. எதிரிகள் அஞ்சி விலகினால் கட்டாயத் தொகை 3 நமக்கு. யாராவது ஒருவர் எதிர்த்து வந்தால் ஐந்து பொதுச் சீட்டுகளும் திறக்கப்படும். அவரிடம் ஏஸ், ராஜா போன்ற ஜோடியில்லாத பெரிய சீட்டுகள் இருந்தால் வெற்றி ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. பெரிய ஜோடி இருந்தாலோ 5க்கு 1 கூட இல்லை. இரண்டையும் கலந்து, எதிர்க்கப்பட்டால் 100க்கு 40 முறை வெல்வோம் என்றும், வென்றால் 21 கிடைக்கும் என்றும் கொண்டால், எதிர்க்கப்படும் ஒவ்வொரு முறையும் சராசரி இழப்பு 3.6. விலகும் ஒவ்வொரு முறையும் வரவு 3. ஆகவே 100க்கு 55 முறையாவது எல்லோரும் விலகுவார்கள் என்றால்தான் இது கட்டும்.

ஆக, ஒரே ஜோடி, மூன்று விடைகள். இருவரிடமும் நிறைய இருந்தால் மலிவான விலையில் ஃப்ளாப்பைப் பார். இடைநிலையில் இருந்தால் கவிழ்த்துவிடு. மிகக் குறைவாக இருந்து, பிறர் விலகும் வாய்ப்பும் இருந்தால் முழுவதையும் வை. சீட்டு மாறவில்லை, சூழ்நிலை மாறியது.

நாங்கள் செய்து பார்த்த சோதனை

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபின், உண்மையிலேயே 34க்கு 4தானா என்ற ஐயம் என் அறை நண்பனுக்கு. ஆகவே ஒரு கட்டிலிருந்து இஸ்பேட் 5ஐயும் கிளாவர் 5ஐயும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதி 50 சீட்டுகளைக் கலைத்துக் கலைத்து மும்மூன்றாகத் திறந்து பார்த்தோம். பந்தயம் ஏதும் இல்லை. ஒரு குறிப்பேடும் பென்சிலும்தான். இரண்டு மாலைப் பொழுதுகளில் 340 முறை திறந்தோம். கணக்குப்படி 40 முறை செட் வர வேண்டும். வந்தது 43 முறை. கணிதம் பொய்க்கவில்லை என்று மகிழ்ந்தோம்.

ஆனால் குறிப்பேட்டை மறுபடி பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. இரண்டாம் நாள் நடுவில், தொடர்ந்து 31 முறை செட் வரவேயில்லை. அப்போது என் நண்பன் ஒவ்வொரு முறையும், “அடுத்தது வந்தே தீரும் பார்” என்று சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. நானும் தலையாட்டியிருக்கிறேன். இவை சார்பிலா நிகழ்ச்சிகள், முந்தைய 30 தோல்விகள் அடுத்த முறையின் நிகழ்தகவை இம்மியும் கூட்டுவதில்லை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய நாங்கள் இருவரும்தான் அப்படிச் சொன்னோம்!

கணக்கிட்டுப் பார்த்தால், தொடர்ந்து 10 முறை செட் வராமலிருக்க நிகழ்தகவு 100க்கு 28.6. தொடர்ந்து 20 முறை வராமலிருக்க 100க்கு 8.2. இவை அரிய நிகழ்ச்சிகளே அல்ல. 6 வில்லை வீதம் 31 முறை வைத்திருந்தால் 186 போயிருக்கும். 200 வில்லைகளோடு உட்கார்ந்தவனிடம் 14 மிஞ்சும். அந்த 14ஐக் கொண்டு, பின்னர் வந்த செட்டில் அவன் என்ன பெரிதாக வென்றிருக்க முடியும்?

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இந்தச் சோதனையை அப்பாவிடம் விளக்கினேன். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். செங்கல் சூளையில் வேலை. நான் சொன்ன பின்னக் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரிடா தம்பி, அந்த முப்பத்தோரு தடவையும் போட வேண்டியத யாரு குடுப்பா?” என்றார். எதிர்பார்ப்பு மதிப்பு என்பது, ஆட்டத்தை முடிவின்றித் தொடர முடிந்தவனுக்கே முழுமையாகப் பொருந்தும். கையிருப்பு குறைந்தவன் சராசரி தன்னை வந்து சேரும் முன்பே மேசையை விட்டு எழ வேண்டியிருக்கும். இருவரும் ஒரே நிகழ்தகவைக் கொண்டு ஆடினாலும் இருவருக்கும் ஒரே ஆட்டம் அன்று அது.

இறுதிக் கணக்கு

எல்லாம் சரியாக அமைந்து, நன்றாக ஆடுபவருக்கேனும் இலாபம் எவ்வளவு? எடுத்துக்காட்டாக, இருவரிடமும் 200 வில்லை இருக்கையில் 34 முறை ஆடி 4 செட் பெற்றதாகக் கொள்வோம். ஒன்றில் எதிரி உடனே விலகுகிறார்: வரவு 9. ஒன்றில் சிறிது தூரம் வந்து விலகுகிறார்: 39. ஒன்றில் இரண்டு ஏஸுடன் இறுதிவரை வருகிறார்: 203. ஒன்றில் நம் செட்டே தோற்கிறது: இழப்பு 60. கூட்டினால் 191. தவறிய 30 முறைகளின் இழப்பான 180ஐக் கழித்தால் மிஞ்சுவது 11 வில்லைகள். எதிரியிடம் 100 மட்டும் இருந்திருந்தால், மூன்றாவது செட்டின் வரவு 103ஆகக் குறைந்து, 89 வில்லை நட்டத்தில் முடியும்.

அந்த 11 வில்லைக்கு எவ்வளவு காலம்? 44 ஆட்டங்களுக்கு ஒரு சின்ன ஜோடி என்றால் 34 சின்ன ஜோடிகளுக்கு ஏறத்தாழ 1,500 ஆட்டங்கள். மேசையில் மணிக்கு 30 ஆட்டம் என்று கொண்டால் 50 மணி நேரம். போதாததற்கு, சூதாட்ட விடுதிகளில் நடத்துபவர், வெல்லப்படும் தொகையிலிருந்து தமக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்வது வழக்கம். 203 வில்லை வென்ற அந்த ஓர் ஆட்டத்தில் எடுக்கப்படும் பங்கே நம் 11ஐப் பெரிதும் கரைத்துவிடும். ஆடுபவர் எவர் வென்றாலும் தோற்றாலும் தவறாமல் வரவு காண்பவர் நடத்துபவர் ஒருவரே.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேசையும் எதிரியும் கண்ணில் படாமல், கைப்பேசியிலேயே பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் நம் மாநிலத்து இளைஞர் பலர் பொருளை இழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. இதனைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் ஒரு சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று கூறி, அவ்விரண்டையும் தடை செய்த பகுதியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் நீக்கியது. பின்னர், இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025இல் இந்திய நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். போக்கரில் திறமைக்கு இடமுண்டு என்பதை மேலே கண்ட கணக்கே காட்டும். அந்தத் திறமைக்கு 34 ஜோடிகளில் கிடைத்த கூலி 11 வில்லை என்பதையும் அதே கணக்குத்தான் காட்டுகிறது.

எனவே, சின்ன ஜோடியை ஆடலாமா என்று யாரேனும் என்னைக் கேட்டால், விலை என்ன, எதிரியிடம் எவ்வளவு இருக்கிறது, அதை அவர் தருவாரா, தொடர்ந்து 31 முறை தவறினாலும் தாங்க உன்னிடம் இருக்கிறதா என்று நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். முதல் மூன்றும் நூல்களிலிருந்து நான் கற்றவை. நான்காவது அப்பா கேட்டது. அதற்கு ‘ஆம்’ என்று விடை சொல்ல இயலாதவர், குறிப்பேடும் பென்சிலும் வைத்துக்கொண்டு எங்களைப்போல் 340 முறை திறந்து பார்க்கலாம். செலவில்லாமல் நிகழ்தகவும் விளங்கும், தேர்வுக்கும் உதவும்.